ஒரு கட்டி, இரண்டு போத்தல்

சத்திரசிகிச்சைக் கூடத்திலிருந்து கழுத்துக் கட்டி ஒன்று ஆய்வுகூடத்துக்கு வந்தால், கட்டிக்கு முன்னம் நான் கவனிப்பது போத்தலை. மூடியைத் திறந்ததும் மூக்கு எரிந்தால் உள்ளே இருப்பது போமலின். கட்டிக்குள் காசநோய்க் கிருமி இருந்திருந்தாலும் அது செத்துப்போயிருக்கும். இனி எந்தக் கொம்பனாலும் அதை வளர்த்துக் காட்ட முடியாது. மணமில்லாமல் வெறும் சேலைனில் கிடந்தால் மனசுக்கு ஒரு நிம்மதி. அந்த நோயாளிக்கு எல்லா வழியும் இன்னும் திறந்திருக்கிறது.

திருகோணமலைப் பக்கத்தில் அரசாங்க ஆய்வுகூடத் தொழினுட்பவியலாளராக இருந்து ஓய்வுபெற்றவள் நான். சளியில் கிருமி தேடும் கதையை எங்களுக்குப் படிப்பித்தார்கள், பரீட்சையிலும் கேட்டார்கள். கழுத்தில் வரும் காசநோயைக் கண்டுபிடிக்க மனிதர் எப்படிப் பழகினார்கள் என்பதை ஒருவரும் கோர்வையாகச் சொல்லித்தரவில்லை. வேலைக்கு நடுவில் துண்டு துண்டாகப் படித்துச் சேர்த்ததும் மேசையில் கண்டதும்தான் இது.

எங்கள் பழைய ஆட்கள் இதைக் கண்டமாலை என்பார்கள். தாடைக்குக் கீழே ஒரு கட்டி, அதற்குக் கீழே இன்னொன்று, தோள்பட்டை வரைக்கும் வரிசையாக. நோவு இராது, சூடு இராது. மாதக்கணக்கில் அப்படியே கிடந்து, பிறகு மேல்தோல் ஊதாப் பாரித்து, மெலிந்து, உடைந்து ஒழுகும். ஒழுகத் தொடங்கினால் இலேசில் ஆறாது. என் அம்மம்மாவின் இடது கழுத்தில் தோல் சுருங்கி இழுபட்ட தழும்புகள் இருந்தன. சிறு வயதில் பச்சிலைப் பற்றுப் போட்டுப் பார்த்துச் சரிவராமல், பழுத்த கட்டிதானே என்று யாரோ கீறிவிட்டார்களாம். வருஷக்கணக்கில் சீழ் வடிந்ததாம். எனக்குத் தெரிந்த காலம் முழுக்க அவ சேலைத் தலைப்பைக் கழுத்தைச் சுற்றிப் போட்டுக்கொண்டுதான் கோணேசர் கோயிலுக்குப் போவா.

கீறினால் ஆறாது என்பதற்குக் காரணம் உண்டு. சாதாரணப் பழுப்புக் கட்டியில் சீழை வெளியே விட்டால் வேலை முடிந்தது. இங்கே சீழ் வருகிற ஊற்று உள்ளே நிணநீர்க் கணுவில் இருக்கிறது. கணுவில் நோய் இருக்குமட்டும் கீறிய வாய் மூடாது. இங்கிலாந்திலும் இதே கதைதான். அரசர் தொட்டால் கழுத்துக் கட்டி சுகமாகும் என்று அங்கே நூற்றாண்டுக்கணக்கில் நம்பினார்கள். ஆங்கில அகராதி எழுதிய சாமுவேல் ஜோன்சனைக் குழந்தையாக இருக்கும்போது 1712இல் ஆன் அரசியிடம் கொண்டுபோய்த் தொடுவித்தார்கள். சுகமாகவில்லை, கத்தி வைத்தார்கள், தழும்பு கடைசிவரை இருந்தது. அங்கே பச்சைப்பால் வழியாக மாட்டுக் காசநோயும் பிள்ளைகளின் கழுத்துக்கு வந்தது. பாலைக் காய்ச்சிக் குடிக்கும் எங்கள் வீடுகளில், இருமிக்கொண்டிருக்கும் பெரியவர் ஒருவரிடமிருந்துதான் பெரும்பாலும் தொற்றியிருக்கும்.

1795இல் பிரித்தானியர் பிடித்ததிலிருந்து 1957இல் கடற்படைத் தளத்தைக் கையளிக்குமட்டும் எங்கள் திருகோணமலைத் துறைமுகத்தின் கண் விரைவாகக் கொல்லும் நோய்களில்தான் இருந்தது என்பது என் எண்ணம். காய்ச்சல், வயிற்றோட்டம், வாந்திபேதி. நாவலாசிரியர் ஜேன் ஒஸ்டினின் தம்பி, கடற்படைத் தளபதி சார்ள்ஸ் ஒஸ்டின், 1852இல் பர்மாவில் வாந்திபேதியால் இறந்தார். அவரைப் புதைத்தது எங்கள் ஊரில். அப்படிப்பட்ட மரணத்துக்குக் கல்லறையும் கல்வெட்டும் இருக்கிறது. மீன்பிடிக்காரர் வீட்டுப் பெண்பிள்ளையின் கழுத்துக் கட்டி எந்தக் கப்பலையும் தாமதப்படுத்தவில்லை, அதனால் எந்தப் புத்தகத்திலும் ஏறவில்லை. பிறகு வந்த பதிவேடுகளுக்கும் ஆயுசு குறைவு. 2004 சுனாமியில் கிண்ணியா ஆஸ்பத்திரிக்குள் கடல் புகுந்தது எல்லாருக்கும் தெரியும்.

1867இல் யாழ்ப்பாணத்தில் டொக்டர் சாமுவேல் கிறீன் ஆங்கிலச் சத்திரவைத்திய நூல் ஒன்றை ‘இரணவைத்தியம்’ என்று தமிழில் அச்சேற்றினார். தமிழ்ப் பிள்ளைகள் தமிழிலேயே சத்திரவைத்தியம் படித்த காலம் அது. அன்றைக்கு உலகத்தில் எந்த மொழியிலும் இந்தக் கட்டிக்குக் காரணமான கிருமி எழுதப்பட்டிருக்கவில்லை. அடுத்த வருஷம், 1868இல், ஜேர்மனியில் தியோடர் லங்கான்ஸ் என்பவர் காசநோய்த் திசுவை நுணுக்குக்காட்டியில் பார்த்து ஒரு பெரிய கலத்தை விவரித்தார். ஒரே கலத்துக்குள் பல கருக்கள், நடுவில் கிடக்காமல் ஓரத்தில் லாட வடிவில் அணிவகுத்திருக்கும். இன்றைக்கும் அந்தக் கலம் கண்ணில் பட்டால் கை தானாக நின்றுவிடும்.

கிருமி அகப்பட்டது 1882 மார்ச் 24இல். பேர்லினில் ரொபேட் கொக் மெதிலீன் நீலச் சாயத்தில் அதைக் காட்டினார். அவர் சோதித்த திசுக்களில் கழுத்துக் கணுக்களும் இருந்தன. பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்த போல் ஏர்லிக் உடனே சாயத்தைத் திருத்தத் தொடங்கினார். சிவப்புச் சாயம் ஏறிய கிருமி, அமிலத்தை ஊற்றினாலும் சாயத்தை விடவில்லை. மற்றதெல்லாம் வெளிறியது. பிரான்ஸ் சீல் அதில் கார்போலிக் அமிலத்தைக் கொண்டுவந்தார், பிரெடறிக் நீல்சன் 1883இல் இரண்டையும் சேர்த்து ஒழுங்காக்கினார். அந்தச் செய்முறையைத்தான் நாங்கள் நூறு வருஷம் கழித்துத் திருகோணமலையில் செய்தோம். கணுவிலிருந்து எடுத்த சீழைப் புதுக் கண்ணாடியில் மெல்லிதாகப் பூசிக் காயவைத்து, சுவாலையில் காட்டி, காபோல் பியூக்சினை மேலே நிரப்பி, ஸ்பிரிட் தோய்த்த பஞ்சைக் கொளுத்திக் கீழிருந்து சூடாக்குவோம். ஆவி வரவேண்டும், கொதிக்கக் கூடாது. ஐந்து நிமிஷம். கழுவி, கந்தக அமிலம் விட்டு, திரும்பக் கழுவி, மெதிலீன் நீலம். எண்ணெய் லென்ஸில் பார்த்தால் நீலப் புலத்தில் சிவப்பாக, மெல்லிய, சற்றே வளைந்த கோல்கள். கண்ணாடியை ஒருமுறை பாவித்தால் எறிந்துவிட வேண்டும், பழைய கிருமி ஒட்டிக்கொண்டிருக்கும். குழாய்த் தண்ணீரிலும் அவதானம் வேண்டும். நோயே தராத, ஆனால் அமிலத்தில் சாயம் விடாத கிருமிகள் தண்ணீரில் உண்டு. சிக்கனம் பார்த்த இடத்தில் இல்லாத நோயைக் காட்டிவிடும்.

கழுத்துக் கட்டியின் கஷ்டம் இங்கேதான் தொடங்குகிறது. இந்தச் சாயத்தில் ஒரு கோல் கண்ணுக்குத் தெரிய வேண்டுமென்றால் ஒரு மில்லிலீற்றரில் ஏறத்தாழ 10,000 கிருமி இருக்க வேண்டும். நெஞ்சில் பொத்தல் விழுந்தவரின் சளியில் அது தாராளமாக இருக்கும். கணுவில் உடம்பு கிருமியை மறித்து வைத்துச் சண்டைபிடிக்கிறது; கிருமி கொஞ்சம்தான். அதிலும் நான் கண்ட ஒரு வினோதம், பிறகு புத்தகங்களிலும் அப்படியே இருந்தது. கலங்கள் அழகாகக் கூடி நின்று, லங்கான்ஸ் கலமும் இருந்து, பார்த்தவுடன் காசநோய் என்று சொல்லக்கூடிய கண்ணாடியில் சிவப்புக் கோல் பெரும்பாலும் அகப்படாது. கலமே இல்லாமல் கெட்டுப்போன தயிர் மாதிரி வெறும் சிதைவாக இருக்கும் கண்ணாடியில்தான் கோல்கள் அகப்படும். உடம்பு வெல்லும் இடத்தில் கிருமியைக் காணோம், தோற்கும் இடத்தில் அது நிறைய. அதனால் வெறும் சீழ்தானே என்று எறியப் போகும் கண்ணாடியை நான் எப்போதும் இரண்டாம் தரம் பார்ப்பேன்.

போமலினுக்கு வருகிறேன். 1893இல் பிராங்பேட்டில் பேர்டினண்ட் புளூம் என்ற மருத்துவர் போமல்டிஹைட் கிருமி கொல்லுமா என்று சோதித்துக்கொண்டிருந்தார். வேலை செய்யும்போது தன் விரல் நுனித் தோல் விறைத்துப் போனதைக் கவனித்தார். விரலை விறைக்க வைப்பது திசுவையும் விறைக்க வைக்கும், பழுதாகாமல் வைக்கும் என்று பிடித்துக்கொண்டார். அதிலிருந்து உலகம் முழுக்க வெட்டியெடுத்த சதை போமலினுக்குள் போகத் தொடங்கியது. சதையின் அமைப்பைப் பார்க்கும் நோயியல்காரருக்கு அது பெரும் கொடை. ஆனால் அது கிருமி கொல்லியாகத்தான் புளூமின் கைக்கு வந்தது என்பதை எல்லாரும் மறந்துவிடுகிறோம். சதையைப் பார்ப்பவர்களும் கிருமியை வளர்ப்பவர்களும் பிரிந்து போன சந்தி அந்தப் போத்தல்தான். கட்டியை வெட்டியவர் ஒரே போத்தலில் போட்டு மூடினால், அந்த நிமிஷத்தில் ஒரு பாதையை நிரந்தரமாக அடைத்துவிடுகிறார். இரண்டாகப் பிளந்து, ஒரு பாதியைப் போமலினிலும் மறு பாதியைச் சேலைனிலும் போட எவ்வளவு நேரம் எடுக்கும்? பயிற்சிக்கு வரும் ஒவ்வொரு இளம் டொக்டரிடமும் இதைச் சொல்லியிருக்கிறேன். “மிஸ், தியேட்டரில் போமலின் போத்தல்தானே நிரப்பி வைத்திருக்கிறது” என்பார்கள். உண்மைதான். அதனால் வெறும் கிருமிநீக்கிய போத்தல்களில் சேலைன் விட்டு, பெரிய எழுத்தில் சீட்டு ஒட்டி நானே அனுப்பி வைத்தேன். சில நாள் திரும்பி வரும், சில நாள் வராது.

வெட்டாமலே பார்க்கும் வழி ஊசி. அதன் கதை எங்கள் தீவுக்குப் பக்கத்தால் போகிறது. 1904இல் உகண்டாவில் கிரெய்க், கிரே என்ற இரண்டு பிரித்தானிய இராணுவ மருத்துவர்கள் தூக்கநோய்க்காரரின் கழுத்துக் கணுவில் ஊசி குத்தி, உறிஞ்சிய துளியில் நோய்க்கிருமியைக் கண்டார்கள். அதே உகண்டாவில் அவர்களுக்குச் சற்று முன்னம் தூக்கநோய்க்காரரின் முள்ளந்தண்டு நீரில் அந்தக் கிருமியைக் கண்ட அல்டோ கஸ்தெல்லானி, 1903இல் கொழும்புக்கு வந்து, டி சொய்சா குடும்பத்தின் கொடையில் எழுந்த பற்றீரியா ஆய்வு நிலையத்துக்குத் தலைவரானார். இன்றைய மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தின் முன்னோடி அது. ஆனாலும் ஊசி ஒரு வழக்கமான சோதனையாக நிலைக்க நாள் எடுத்தது. 1930இல் நியூயோர்க்கில் மார்ட்டினும் எல்லிஸும் புற்றுக் கட்டிகளில் செய்து காட்டினார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு சுவீடன்காரர் மெல்லிய ஊசியில் அதைக் கைத்திறமையாகவே வளர்த்தார்கள்.

பக்கத்தில் கண்ணாடி ஏந்தி நின்று இதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். கட்டியை இரண்டு விரலால் அசையாமல் பிடித்து, மேலே மெலிந்த தோலை விட்டு, பக்கத்து நல்ல தோலால் ஊசியை விடவேண்டும். நேரே குத்தினால் அந்தத் துவாரமே ஒழுகும் வாயாகிவிடும், அம்மம்மாவுக்கு நடந்தது போல. சிரிஞ்சை இழுத்துப் பிடித்தபடி ஊசியை முன்னும் பின்னும் திசை மாற்றி அசைத்து, வெளியே எடுக்கமுன் இழுவையை விட்டுவிட வேண்டும்; விடாவிட்டால் துளி சிரிஞ்சுக்குள் ஏறி ஒட்டிக்கொள்ளும். அந்த ஒரு துளியில் ஒரு கண்ணாடி காற்றில் காய வேண்டும், ஒரு கண்ணாடி உடனே மதுசாரத்தில் இறங்க வேண்டும், ஒன்று சீல்-நீல்சனுக்கு. பிறகு ஊசியைச் சேலைனில் அலசினால், அலசிய தண்ணீரே வளர்ப்புச் சோதனைக்குப் போதும். அந்த அலசலைத் தொட்டியில் ஊற்றிவிடுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும்.

ஊசி காசநோயை மட்டும் சொல்வதில்லை. வெற்றிலை புகையிலை போட்டு வாயில் புண் வந்த முதியவரின் கழுத்தில் இருப்பது பரவிய புற்றாக இருக்கலாம். காய்ச்சலோடு வரும் இளம்பெண்ணுக்கு, 1972இல் ஜப்பானில் கிக்குச்சியும் புஜிமோட்டோவும் விவரித்த, தானாகவே மாறிவிடும் கணு நோயாக இருக்கலாம். அவளுக்கு ஆறு மாதக் குளிசை கொடுப்பது வீண் கொடுமை. பிறந்தவுடன் போட்ட பி.சி.ஜி. ஊசிக்குக் கைக்குழந்தையின் இடது அக்குளில் நெறிகட்டும், அதில் சிவப்புக் கோல் நிறையவே தெரியும், ஆனால் அது தடுப்பூசிக் கிருமி. வயல் சேற்றில் நிற்கும் தம்பலகாமத்து ஆளின் கழுத்துச் சீழில் மெலியோயிடோசிஸ் கிருமி இருக்கக்கூடும். 1927இலேயே இலங்கையில் அறியப்பட்டு, பிறகு நெடுநாள் மறக்கப்பட்ட நோய் அது. அதற்குக் காசநோய்க் குளிசை வேலை செய்யாது. இத்தனையையும் பிரித்துச் சொல்ல, சதையின் அமைப்பும் வேண்டும், உயிருள்ள கிருமியும் வேண்டும்.

உயிரோடு வளர்ப்பதற்கு 1932இல் லொவென்ஸ்டைனின் முட்டை ஊடகத்தை ஜென்சன் திருத்தியமைத்தார். கோழிமுட்டையும் உப்புகளும் கலந்து, மற்றக் கிருமியை அடக்க மலக்கைற் பச்சைச் சாயம் சேர்த்துச் சாய்வாக உறைய வைத்த குப்பி. அதற்கு முன்னம் கினிப்பன்றியின் தொடையில் ஊசியால் ஏற்றி, வாரக்கணக்கில் காத்திருந்து அறுத்துப் பார்ப்பார்கள். முட்டைக் குப்பியிலும் பொறுமை வேண்டும். 37 பாகையில் வைத்தால், மங்கிய மஞ்சளாகச் சொரசொரப்பான திட்டு எழும்ப மூன்று, நான்கு வாரம். இல்லை என்று சொல்ல எட்டு வாரம். ஆனால் ஒரு மில்லிலீற்றரில் 10 முதல் 100 கிருமி இருந்தாலே பிடித்துவிடும். எங்களுக்கு அந்தக் குப்பி இருந்தது ஏறத்தாழ 260 கிலோமீற்றருக்கு அப்பால், வெலிசறையில். றெஜிபோம் பெட்டியில் ஐஸ் வைத்து, இரவுத் தபால் ரயிலிலோ பஸ்ஸிலோ போகிற ஒரு ஊழியரின் மடியில் மாதிரி போகும். யுத்த காலத்தில் வீதி எப்போது திறக்கும், எப்போது மூடும் என்று தெரியாது. மூதூர் ஆட்கள் லோஞ்சில் குடாவைக் கடந்து ஜெற்றிக்கு வந்துதான் எங்களிடம் வர வேண்டும். கடல் குழம்பினால் அதுவும் இல்லை. கிண்ணியாப் பாலம் திறந்ததே 2009இல்.

மூதூரிலிருந்து ஒரு உம்மா தன் மகளைக் கூட்டிவந்தது நினைவிருக்கிறது. பிள்ளைக்குப் பதினாறு, பதினேழு வயது இருக்கும். கழுத்தில் கட்டி, தலையில் முக்காடு. சிவப்புக் கோல் தெரியவில்லை, கலங்களும் தெளிவாக இல்லை. அலசிய தண்ணீரை வெலிசறைக்கு அனுப்பினோம். “மிஸ், இது கசமெண்டு மட்டும் ஊருக்குள்ள தெரிஞ்சிரக் கூடாது” என்று உம்மா என் கையைப் பிடித்தா. “இது கழுத்துக்குள்ள இருக்கிறது, இதால மத்தாக்களுக்குத் தொத்தாது” என்றேன். அதைத் திருப்பித் திருப்பிச் சொல்ல வேண்டியிருந்தது. அது 2006. ஓகஸ்டில் சண்டை வந்து மூதூர் சனம் கந்தளாய்க்கு நடந்து போனது, சம்பூர்ப் பக்கத்துச் சனம் மட்டக்களப்புப் பக்கம் போனது. கிருமி வளர்ந்திருக்கிறது என்ற கடிதம் வந்தபோது கொடுத்த விலாசத்தில் வீடு இருந்தது, ஆள் இல்லை. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் ஒருவர் கந்தளாய் முகாம்களில் பெயர் கேட்டுக் கேட்டுப் போய்ப் பிள்ளையைக் கண்டுபிடித்தார். கூடாரத்தில் வைத்தே குளிசை தொடங்கியது. எட்டு வாரம் என்று புத்தகத்தில் அச்சடித்திருப்பது எங்கள் பக்கத்தில் என்ன என்று எனக்கு அன்றைக்கு விளங்கியது.

அதனால்தான் டி.என்.ஏ. பார்க்கும் ஜீன்எக்ஸ்பேர்ட் பெட்டியை நான் மனதார வரவேற்றேன். உலக சுகாதார நிறுவனம் 2010 டிசம்பரில் அதை அங்கீகரித்தது. 2013இல் கணுத் திசுவுக்கும் பரிந்துரைத்தது. திசுவை அரைத்து, மருந்தில் கரைத்து, காட்ரிட்ஜுக்குள் விட்டு, பெட்டிக்குள் தள்ளினால் இரண்டு மணித்தியாலத்தில் விடை. றிபாம்பிசினுக்கு அடங்குமா என்றும் அதே மூச்சில் சொல்லிவிடும். ஒரு மில்லிலீற்றரில் 130 அளவு கிருமி போதும். 2017இல் வந்த அதன் புதுவகை அல்ட்ராவுக்கு 16. அதற்கும் போமலின் ஆகாது, டி.என்.ஏ.யைச் சிதைத்துவிடும். போத்தல் பிரச்சினை பெட்டி வந்தும் தீரவில்லை.

சிகிச்சையைச் சுருக்கியதில் சென்னைக்குப் பெரிய பங்கு. 1956இல் தொடங்கிய அங்குள்ள காசநோய் ஆராய்ச்சி நிலையம், கழுத்துக் கட்டி வந்த பிள்ளைகளுக்கு, திசுவை வெட்டிச் சோதித்து உறுதிசெய்த பிறகே, ஆறு மாத மருந்து கொடுத்துப் பார்த்து 1990இல் முடிவை வெளியிட்டது. அதற்கு முன்னம் ஒன்றரை வருஷம் மருந்து, போதாததற்குக் கத்தி.

ஆறு மாதத்துக்குள் இன்னொரு விஷயம் நடக்கும். குளிசை ஒழுங்காகக் குடித்துக்கொண்டிருக்கும்போதே, இரண்டாம் மூன்றாம் மாதத்தில் சிலருக்குக் கட்டி முன்னிலும் பெரிதாகும். பக்கத்தில் புதிதாக ஒன்று எழும்பும். வீட்டார் பயந்து, மருந்து பிழை என்று நிறுத்திவிடப் பார்ப்பார்கள். திரும்ப ஊசி குத்தினால் சிவப்புக் கோல் தெரியலாம். பெட்டியில் போட்டால் இருக்கிறது என்றே சொல்லும், ஏனென்றால் செத்த கிருமியின் டி.என்.ஏ.யும் டி.என்.ஏ.தான். மருந்து தோற்றுவிட்டதா, அல்லது செத்த கிருமியின் மிச்சத்தைக் கண்டு உடம்பு கொதிக்கிறதா என்பதைப் பிரித்துச் சொல்லக்கூடியது முட்டைக் குப்பி ஒன்றுதான். அங்கே ஒன்றும் முளைக்காவிட்டால் கிருமி செத்துவிட்டது. அந்த எட்டு வாரமும் குளிசையை நிறுத்தாமல் குடிக்கச் சொல்லி, செஸ்ட் கிளினிக் மிஸ்ஸிமார் வீடு வீடாகப் போய்ச் சொல்கிறார்கள்.